ஆசாரி அண்ணாச்சியின் சிரட்டை

செவ்வாய்க்கிழமை காலை, பால் அடுப்பில் இருக்கும்போது கம்பம்மெட்டிலிருந்து போன் வந்தது. வேலாயுதம் ஆசாரியின் மகள் செண்பகம். "அத்தை, அப்பா போயிட்டாங்க" என்றாள். நான் முதலில் அடுப்பை அணைத்தேன். பிறகுதான் எப்போது என்று கேட்டேன். விடியற்காலை, தூக்கத்தில் என்றாள். முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அவர் வீட்டு மாடிப்படியில் மூன்றாவது பலகை ஆடுகிறது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் படுத்தாராம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கம்பம்மெட்டுக்காரர்களே, உங்களுக்கு அவரை எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும். கேட்காமலே சொல்லுகிற கிழவர். ஜீப்பில் ஏறும் முன் டயரைக் காட்டுவார், கல்யாணப் பந்தலில் உட்காரும் முன் பந்தல்காலை ஆட்டிப் பார்த்துப் பந்தல்காரனைக் கூப்பிடுவார். உங்களில் சிலர் ஏலக்காய் ஸ்டோருக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு அந்தக் கதை ஆட்டத்தை ஆடியும் இருக்கிறீர்கள். எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறார், ஆட்டத்தில் ருசியே இல்லை என்று நீங்கள் அலுத்துக்கொண்டதாகச் செண்பகம் சொல்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நீங்கள் பார்த்தது பிற்கால ஆசாரியை. எனக்கு முதலில் தெரிந்த ஆசாரி, கேட்டால்கூட லேசில் சொல்லமாட்டார். அவர் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயத்தில் இருபத்து மூன்று குழந்தைகளின் உயிர் மாட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒன்று என் மகள். குழந்தைகள் பிழைத்தார்கள். ஒரு மனிதன் போனான். அவர் உயிரோடு இருக்கும்வரை இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

எழுபதுகளின் கடைசி. மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட். பெயர் வேண்டாம். நான் அங்கே கிரெஷ் ஆயா. கொழுந்து கிள்ளப் போகிற பெண்கள் காலையில் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். என் வீட்டுக்காரர் கணேசன் ஃபாக்டரி ஆபீசில் கிளார்க். வேலாயுதம் ஆசாரி எஸ்டேட்டுக்கு இருந்த ஒரே தச்சர். தென்காசிப் பக்கத்து மனிதர், எங்களைவிடப் பத்து வயது பெரியவர், அதனால் அண்ணாச்சி. மேனேஜரைத்தான் நாங்கள் துரை என்போம். வெள்ளைக்காரர்கள் போன பிறகும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை.

ஒரு வருஷம் துரை பங்களாவுக்கு விருந்தாளியாக ஒரு வெள்ளைக்காரர் வந்தார். வந்த மறுநாளே வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அவருக்கு ஊன்றுகோல் செய்துகொடுக்கப் போன ஆசாரி, ஆறு வாரம் கழித்து ஒரு புது ஆட்டத்தோடு திரும்பி வந்தார். வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது சின்னச் சின்னப் புத்தகங்கள் மூன்றையும் பகடைகளையும் அவரிடமே கொடுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் அதை உட்கார்ந்து படித்துத் தமிழில் சொன்னார். ஆட்டத்துக்குப் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை நடக்கும் இடத்தை வாயால் சொல்வார். குகை, காடு, கோட்டை. மற்றவர்கள் அந்தக் கதையில் ஆளுக்கு ஒரு ஆளாக நின்று, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஞாயிறு மத்தியானம் ஆசாரியின் தச்சுக் கொட்டகையில், மரத்தூள் மேல் சாக்கு விரித்து நாலு பேர் உட்காருவோம். கதை சொல்வது ஆசாரி. நான் வேவுகாரி. என் வீட்டுக்காரர் மந்திரவாதி. நாலாவது ஆள் லாரி டிரைவர் குருசாமி. அவன் கதையிலும் குருசாமிதான். வேறு பெயர் வைத்துக்கொள் என்றால், "இருக்கிற பேரே போதும் தனம், கூப்பிட்டா திரும்பணும்ல" என்பான்.

குருசாமிக்கு ஒரே வித்தைதான் தெரியும். கதவைக் கண்டால் உடைப்பான். பூட்டு இருக்கா, அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா, ஒன்றும் பார்க்கமாட்டான். "ஒடைக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைப்பான். அவனால் நாங்கள் கதையில் செத்தது எத்தனை தடவை என்று சொல்ல முடியாது.

அந்த ஆட்டத்தில் முக்கியமான இடம், மறைந்திருப்பதைக் கவனிக்கிற இடம். கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்கிறதா, சுவரில் கள்ள வழி கண்ணில் படுகிறதா என்று பார்க்க ஒரு பகடை உருட்ட வேண்டும். ஒன்றோ இரண்டோ விழுந்தால் தெரியும். மற்ற எண் விழுந்தால் தெரியாது. இந்தப் பகடையை மட்டும் ஆசாரி எங்கள் கையில் தரவே மாட்டார். ஒரு தேங்காய்ச் சிரட்டையை உள்ளும் புறமும் வழுவழுவென்று தேய்த்து வைத்திருந்தார். பகடையை அதில் போட்டுக் குலுக்கி ஒரு மரப்பலகையில் கவிழ்ப்பார். ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி அவர் மட்டும் பார்ப்பார். பார்த்துவிட்டு, பெரும்பாலும், ஒரே குரலில் சொல்வார்: "உங்களுக்கு ஒண்ணும் தட்டுப்படல."

எனக்கு இது பொறுக்காது. நான் உருட்டினால் என்ன என்று ஒரு நாள் சண்டைக்கே போனேன். அவர் நிதானமாகச் சொன்னார். "நீ உருட்டி ஆறு விழுந்தா, இங்கன என்னமோ இருக்கு, எனக்குத்தான் தெரியலன்னு உனக்குத் தெரிஞ்சிரும்லா. தெரியாதவளுக்குத் தனக்குத் தெரியலங்கறதும் தெரியக் கூடாது. அதுக்குத்தான் சிரட்டை." ஒன்றுமே இல்லாத வெறும் அறையிலும் அவர் குலுக்கிக் கவிழ்ப்பார். அப்போதும் அதே குரல், அதே வாக்கியம். எது நிஜமாகவே வெறும் அறை என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. சிரட்டை பலகையில் கவிழும் சத்தம் கேட்டாலே குருசாமி காலை மடக்கிக்கொள்வான்.

ஒரு சலுகை மட்டும் உண்டு. சும்மா சுற்றிப் பார்க்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ளமாட்டார். "எங்க பாக்க? மேலயா, கீழயா, கட்டிலுக்கு அடியிலயா?" என்பார். சரியான இடத்தைக் குறிப்பாகக் கேட்டுவிட்டால் சிரட்டையைத் தொடவே மாட்டார். உள்ளதைச் சொல்லிவிடுவார். "கேட்டாச் சொல்லுதேன். கேக்காம சொல்லமாட்டேன். கேக்கது ஒங்க பாடு." இது அவர் அடிக்கடி சொன்னது. அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. கிரெஷ் கட்டடம் ஒரு சரிவுக்கு அடியில் இருந்தது. ஒற்றை வாசல், இரட்டை அறை, பின்னால் மண் சுவர் மாதிரி எழும்பி நிற்கும் மேடு, மேட்டுக்கு மேலே தேயிலை. ஜூன் கடைசியில் வாசல் கதவு மூடமாட்டேன் என்றது. மேல் மூலை நிலையில் பிடித்தது. ஆசாரி வந்து இழைத்துக் கொடுத்தார். மழைக்கு மரம் ஊதும் என்பது எங்களுக்கு எல்லாம் பழகிய விஷயம். மழைக்காலத்தில் எஸ்டேட் முழுக்க அவர் இழைப்புளியோடுதான் திரிவார். பத்து நாளில் அதே மூலை மறுபடியும் பிடித்தது. மறுபடியும் இழைத்தார். அன்று நான் பால் ஆற்றிவிட்டு வெளியே வந்தபோது அவர் நிலையின் மேல்கட்டையிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நூலைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "என்ன அண்ணாச்சி?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா. மரம்தான்" என்றார்.

அந்த வாரத்திலிருந்து கதையிலும் நாங்கள் ஒரு மலைக்கு அடியில் இருந்த சத்திரத்தில் தங்கினோம். புதையலுக்குப் போகும் வழியில் ஒரு ராத்தங்கல், அவ்வளவுதான் என்று நினைத்தோம். முதல் ஞாயிறு, சத்திரத்துக் கதவு சரியாக மூடவில்லை என்று போகிற போக்கில் சொன்னார். குருசாமி, "ஒடைச்சிரட்டுமா?" என்றான். சிரித்தோம். இரண்டாம் ஞாயிறு, சத்திரத்து ஊற்றுத் தண்ணீர் கலங்கலாக வருகிறது என்றார். என் வீட்டுக்காரர், கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்றார். நாங்கள் புறப்படலாம் என்று சொல்லும்போதெல்லாம் பாலம் உடைந்தது, குதிரைக்குக் கால் நோவு என்று ஏதாவது சொல்லி அங்கேயே இருக்கவைத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. கதை சொல்வதில் கெட்டிக்காரர், இப்படி ஒரே இடத்தில் போட்டு அரைக்கிறாரே என்று திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் ஞாயிறு யாரும் எதையும் கேட்காமலே அவர் சிரட்டையைக் குலுக்கிக் கவிழ்த்தார். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணும் தட்டுப்படல" என்றார், ஆனால் அந்தப் பழைய குரல் இல்லை. கொட்டகைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின வியாழக்கிழமைதான் என் கிரெஷ் கதவை அவர் மூன்றாம் முறை இழைத்திருந்தார்.

"அந்தச் சத்திரத்துக் கதவப் பாக்கேன், அண்ணாச்சி" என்றேன். "எந்த எடத்துல பிடிக்கி?"

"மேல் மூலை."

"மரம் ஊதினதா?"

"இல்ல. மரம் ஒரு தடவதான் ஊதும். நிலை சாஞ்சிருக்கு. தரையும் சாஞ்சிருக்கு."

"நீங்க சொல்லுதது சத்திரத்துக் கதவா, என் கதவா?"

அவர் சிரட்டையை ஓரமாக நகர்த்திவைத்தார். குருசாமி பீடியை அணைத்துவிட்டு அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஆசாரி மெதுவாகச் சொன்னார். மேடு நகர்கிறது என்று அவருக்குத் தோன்றி இரண்டு வாரம் ஆகிறது. துரையிடம் போய்ச் சொன்னார். மரத்தை இழைக்கிறவனுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும், ஆட்களைக் கலைத்துவிட்டால் வேலை போகும் என்று துரை சொல்லிவிட்டார். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். வீட்டில் மனைவி படுத்த படுக்கை. "எனக்கே நிச்சயமில்ல தனம். நீங்களா கவனிச்சா, அப்ப நான் நெனச்சது சரின்னு ஆகும்னு பாத்தேன்" என்றார். என் மகள் மலருக்கு அப்போது இரண்டு வயது. தினமும் அந்தக் கதவுக்கு உள்ளேதான் தூங்குவாள். இந்த மனிதன் அதைத் தெரிந்துகொண்டு எங்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது எழுதினாலும் கை சுடுகிறது. எழுந்து வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை நான் கிரெஷைத் திறக்கவில்லை. பிள்ளைகளைப் பெரட்டுக்களத்துக் கொட்டகையில் வைத்துக்கொண்டேன். ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடம் அது. மூன்று பக்கமும் திறந்த கொட்டகை. சாரல் அடித்தது. திங்கள் ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய், புதன் ஒன்றும் நடக்கவில்லை. நாலு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டது. தாய்மார்களே என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். "ஒனக்கு என்னமோ பிடிச்சிருக்கு தனம். ஆட்டம் ஆடி ஆடிப் புத்தி பெரண்டு போச்சு" என்றாள் ஒருத்தி. எனக்கும் அப்படித்தான் படத் தொடங்கியது.

வியாழக்கிழமை காலை துரை பெரட்டுக்களத்துக்கே வந்தார். எல்லோரும் நின்றார்கள். குருசாமியும் என் வீட்டுக்காரரும் நின்றார்கள். துரை கத்தவில்லை. ஆசாரியை முன்னால் கூப்பிட்டு, "நீ மூணு வாட்டி போய் அந்தக் கதவப் பாத்தவன். பில்டிங்ல ஏதாவது கம்ப்ளெயின்ட் இருக்கா? எல்லார் முன்னாலயும் சொல்லு" என்றார். ஆசாரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தலைப்பாகைத் துண்டு கக்கத்தில் இருந்தது. நான் அவர் முகத்தையே பார்த்தேன். சொல்லுங்க அண்ணாச்சி, இப்போ கேட்டாச்சு, கேட்டாச் சொல்லுவேன் என்றீர்களே என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"எனக்கு ஒண்ணும் தட்டுப்படலங்க ஐயா" என்றார்.

அதே வாக்கியம். அதே குரல், சிரட்டையைக் கவிழ்த்த பிறகு வரும் குரல். அந்தக் கூட்டத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. துரை என்னிடம் திரும்பி, நாளைக் காலை கிரெஷ் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் புருஷனும் பெண்சாதியும் வீட்டைக் காலி செய்யலாம் என்றார். திறக்கிறேன் என்று சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மலரை இடுப்பில் வைத்துக்கொண்டு சாவியோடு போனேன். கதவில் ஏழு ஆணி அடித்திருந்தது. கூரைச் சட்டத்துக்கு அடிக்கிற நீள ஆணி. கதவையும் நிலையையும் சேர்த்து, சாய்வாக, தலை மரத்துக்குள் புதையும்படி அடித்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் யார் வேலை என்று தெரிந்துவிட்டது. அப்படிச் சுத்தமாக ஆணி அடிக்க அந்த மலையில் வேறு ஆள் கிடையாது. ஏன் அடித்திருக்கிறார் என்பதும் தெரிந்துவிட்டது. வாயால் சொல்ல முடியாததை ஆணியால் சொல்லியிருந்தார்.

தாய்மார்கள் பிள்ளைகளோடு வந்து நின்றார்கள். மழை வலுத்தது. சூப்பர்வைசர் வந்து பார்த்து, எந்த எடுபட்ட பயல் செய்த வேலை என்று திட்டிவிட்டு, லாரியில் கடப்பாரை இருக்கும், டிரைவரைக் கூப்பிடு என்றார். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு நடந்தேன். எதிரே குருசாமி கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். நனையாமலிருக்கச் சாக்கை மடித்துத் தலைமேல் கொங்காணி போட்டிருந்தான். "கதவு ஒடைக்கதுன்னா எஸ்டேட்டுல யாரக் கூப்பிடுவாங்க பாத்தியா" என்று சிரித்தான். நேற்று ஆசாரி சொன்னதை அவனும் கேட்டவன்தான். ஆனால் குருசாமி எதையும் மனதில் வைத்துக்கொள்ளமாட்டான். எனக்குச் சொல்ல வாய் வந்தது. சூப்பர்வைசர் எனக்குப் பின்னாலேயே குடையோடு நின்றார். வீட்டைக் காலி செய்யச் சொன்னது காதில் இருந்தது. "மெதுவாப் பாத்து செய்யி" என்று மட்டும் சொன்னேன். போகாதே என்று சொல்லவில்லை.

ஃபாக்டரித் தாழ்வாரத்தில் ஆசாரி நின்று பிள்ளைகள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தலையாக எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு என்னிடம், "கடப்பாரச் சத்தம் கேக்குதே, யாரு அங்க?" என்றார். நான் சொன்னேன். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. "ஏ குருசாமி, வந்துரு, வந்துரு" என்று கத்திக்கொண்டே ஓடினார். வளைவு திரும்புமுன் சத்தம் வந்தது. லாரி சரளை கொட்டுகிற மாதிரி ஆரம்பித்து, நிற்காமல் வந்தது. சூப்பர்வைசர் குடைக்குள் சற்றுத் தள்ளி நின்றதால் தப்பினார். கிரெஷ் இருந்த இடத்தில் செம்மண்ணும் வேரோடு தேயிலைச் செடிகளும் கிடந்தன. குருசாமியை மறுநாள் மத்தியானம் எடுத்தார்கள். ஏழு ஆணியில் ஐந்தைப் பிடுங்கியிருந்தான்.

ஆசாரி ஒரு மாதத்தில் எஸ்டேட்டை விட்டுக் கம்பம்மெட்டுக்குப் போய்விட்டார். யாரும் அனுப்பவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றிய மகராசன் என்று தாய்மார்கள் காலில் விழுந்தார்கள். அதுதான் அவரைத் துரத்தியது என்று நினைக்கிறேன். எட்டு வருஷம் நான் அவரோடு பேசவில்லை. அவர்மேல் கோபம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். நிஜத்தில், அவர் முகத்தைப் பார்த்தால் வழியில் சிரித்துக்கொண்டு வந்த குருசாமிதான் தெரிவான் என்று பயம்.

பிறகு அவர் மனைவி காலமானபோது கம்பம்மெட்டுக்குப் போனேன். துக்கம் கேட்டுவிட்டுக் கிளம்பும்போது அவர் உள்ளே போய்ச் சிரட்டையை எடுத்துவந்து என் கையில் வைத்தார். "இது ஒங்கிட்ட இருக்கட்டும். எங்கிட்ட இருந்தா எப்பவாவது திரும்பக் கவுத்துருவேன்" என்றார். இப்போதெல்லாம் எல்லார் கண் முன்னாலயும்தான் உருட்டுகிறேன், முக்கியமானது என்றால் உருட்டுவதே இல்லை, நேரே சொல்லிவிடுகிறேன் என்றார். கேட்டுக்கொண்டு நின்றேன். அப்புறம் அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "அந்த மூணாம் ஞாயித்துக்கிழம, நீ கேக்கதுக்கு முந்தி உருட்டினேன்லா. ஒண்ணு விழுந்துச்சு தனம். ஒங்களுக்குத் தெரியணும்னு பகடையே சொல்லிச்சு. நான்தான் இல்லன்னேன்."

நானும் அவரிடம் சொன்னேன். குருசாமியை வழியில் பார்த்ததை, எதைச் சொன்னேன், எதைச் சொல்லவில்லை என்பதை. அதுவரை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. ஆசாரி சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. "கேக்கதுக்கு முந்தியே சொல்லிரணும்மா" என்றார். அவ்வளவுதான். பஸ் வரைக்கும் கூட வந்து, படியில் எண்ணெய் சிந்தியிருக்கிறது, பார்த்துக் கால் வை என்றார்.

கம்பம்மெட்டுக்காரர்களே, அவர் ஆட்டத்தில் ருசியில்லை என்று இனியும் சொல்லுகிறவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள். சிரட்டை என்னிடம் இருக்கிறது. சாமி படத்துக்குக் கீழே மல்லாத்தித்தான் வைத்திருக்கிறேன். அதைக் கவிழ்த்துவைக்க யாரையும் விட்டதில்லை.

நாங்கள் ரிட்டயர் ஆகி இந்த மலையோரத்து வீட்டுக்கு வந்து பல வருஷம் ஆகிறது. எங்கள் வரிசையில் ஒன்பது வீடு. போன வாரத்திலிருந்து எங்கள் வீட்டுப் பின்கதவு மேல் மூலையில் பிடிக்கிறது. இந்த வருஷம் மழை இன்னும் தொடங்கவில்லை, மரம் ஊத வழியில்லை. மற்ற எட்டு வீட்டிலும் ஏறி இறங்கிச் சொல்லிவிட்டேன். இரண்டு வீட்டில் சிரித்தார்கள். நாளைக் காலை அந்த இரண்டு வீட்டுக்கும் மறுபடியும் போகிறேன்.